ஆஸ்திரேலியாவின் 44ஆம் பிரிவு: குடியுரிமையை வைத்து விசுவாசத்தை அளந்த வழக்கு

ஒருவர் இரண்டு நாடுகளின் குடியுரிமையை வைத்திருந்தால் எந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பார்? இந்தக் கேள்வி பெரும்பாலும் வாய்ச்சண்டையோடு முடிந்துவிடும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பவரை நம்ப முடியாது என்பார் ஒருவர். பெற்றோர் பிறந்த மண்ணோடு ஒட்டுறவு இருந்தால் வாழும் நாட்டின் மேல் பற்று குறைந்துவிடுமா என்று திருப்பிக் கேட்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று சோதித்துப் பார்க்க வழி இருக்காது.

ஆஸ்திரேலியாவில் அந்தச் சோதனை நிஜமாகவே நடந்தது. 2017 ஜூலைக்கும் 2018 மே மாதத்துக்கும் இடையில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் 15 பேர் இரட்டைக் குடியுரிமைச் சிக்கலால் பதவி இழந்தார்கள் அல்லது தாங்களே விலகினார்கள். துணைப் பிரதமர், செனட் எனப்படும் மேலவையின் தலைவர், கட்சித் துணைத் தலைவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த 15 பேரில் ஒருவர்கூட வேறொரு நாட்டுக்காக வேலை பார்த்ததாகக் குற்றச்சாட்டு எழவில்லை. இந்த வழக்கை விரிவாகப் பார்ப்பதற்கு அதுவே முதல் காரணம்.

விதி பிறந்த காலம்

ஆஸ்திரேலிய அரசியலமைப்பு 1901 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நிய அரசுக்கு விசுவாசத்தை ஒப்புக்கொண்டவரும், அந்நிய நாட்டின் குடிமகனும், அந்தக் குடிமகனுக்குரிய உரிமைகளைப் பெறத் தகுதி உள்ளவரும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படவோ அங்கே அமரவோ முடியாது என்கிறது அதன் 44ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு.

இதை எழுதியவர்களுக்கு பிரிட்டன் அந்நிய நாடாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்றே அப்போது கிடையாது. சிட்னியில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் வெலிங்டனில் இருப்பவரும் ஒரே முடியின் பிரஜைகள். ஆஸ்திரேலியக் குடியுரிமை சட்டப்படி உருவானது 1949 ஜனவரி 26 அன்றுதான். அப்புறம் அரை நூற்றாண்டு கழித்து, 1999இல், ஒன் நேஷன் கட்சியின் ஹீதர் ஹில் வழக்கில் பிரிட்டனும் அந்நிய அரசுதான் என்று நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அது தொடக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகிவிட்டது.

இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியர்கள் வேறொரு நாட்டின் குடியுரிமையைக் கேட்டுப் பெற்றால் சொந்தக் குடியுரிமை போய்விடும் என்ற சட்டப்பிரிவை 2002 ஏப்ரலில் நாடாளுமன்றம் நீக்கியது. சாதாரணக் குடிமக்களுக்கு இரட்டைக் குடியுரிமை தவறில்லை என்று நாடு ஒப்புக்கொண்டது. அவர்களின் பிரதிநிதிகளுக்கு மட்டும் 1901இன் கதவு அப்படியே இருந்தது. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது பெற்றோரில் ஒருவராவது வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

சரிந்த வரிசை

2017 ஜூலை 14 அன்று பசுமைக் கட்சியின் செனட்டர் ஸ்காட் லட்லம் விலகினார். நியூசிலாந்தில் பிறந்து, சிறு பிள்ளையாக அந்த நாட்டை விட்டு வந்தவர். பதின்ம வயதில் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றதோடு பழையது போய்விட்டது என்று நினைத்திருந்தார். ஒன்பது ஆண்டுகள் செனட்டில் இருந்த பிறகு, பெர்த் நகர வழக்கறிஞர் ஒருவர் பதிவேட்டைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நிலைமை புரிந்தது.

அதே கட்சியின் லரிசா வாட்டர்ஸ் நான்கு நாள் கழித்து விலகினார். கனடாவின் வின்னிபெக் நகரில் ஆஸ்திரேலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 11 மாதக் குழந்தையாக அங்கிருந்து கிளம்பியவர். தானாக முன்வந்து கேட்டால்தான் கனடியக் குடியுரிமை கிடைக்கும் என்பது அவருடைய குடும்பத்தின் நம்பிக்கை.

அடுத்து மேட் கேனவன். அவருடைய தாய்வழிப் பாட்டனார் பாட்டியார் இத்தாலியர்கள். 2006இல் அவர் பெயரைத் தாயார் இத்தாலியத் தூதரகத்தில் பதிவு செய்திருந்தார். அது தனக்குத் தெரியாது என்று சொல்லி அமைச்சர் பதவியைத் துறந்தார். ஒன் நேஷனின் மால்கம் ராபர்ட்ஸ் இந்தியாவில் வேல்ஸ்காரத் தந்தைக்குப் பிறந்தவர். 2016 தேர்தலுக்கு முன் தான் இன்னும் பிரிட்டிஷ் குடிமகன்தானா என்று கேட்டு மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தார்; அவை போன முகவரிகள் செயல்பாட்டில் இல்லாதவை என்பது நீதிமன்றத்தில் வெளிவந்தது.

ஆகஸ்ட் 14 அன்று துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் அவையில் எழுந்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டாம்வொர்த் ஊரில் பிறந்தவர், கிராமப்புற ஆஸ்திரேலியாவின் குரல் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். அவருடைய தந்தை நியூசிலாந்தில் பிறந்தவர். தந்தை ஆஸ்திரேலியாவுக்கு வந்தது 1947இல். நியூசிலாந்து தன் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது அதற்குப் பின்னர். அந்தச் சட்டம் தந்தையைக் குடிமகன் ஆக்கியது. 1967இல் பிறந்த மகனுக்கும் வம்சாவளியாக அந்தக் குடியுரிமை வந்து சேர்ந்தது. ஜாய்ஸ் அதைக் கேட்கவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை. ஆனால் 150 பேர் கொண்ட கீழவையில் பிரதமர் மால்கம் டர்ன்புல் அரசுக்கு 76 இடங்கள்தான். ஜாய்ஸ் போனால் பெரும்பான்மையே போய்விடும்.

அந்த வாரம் நடந்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜாய்ஸ் விவகாரத்தையொட்டி நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் லேபர் கட்சிக்காரர் ஒருவர் கேள்வி எழுப்பியிருந்தார். உடனே ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் ஜூலி பிஷப், அங்கே லேபர் ஆட்சிக்கு வந்தால் அவர்களை நம்புவது கடினம் என்று பேசினார். பக்கத்து நாடு, இரண்டு உலகப் போர்களில் தோளோடு தோள் நின்ற நாடு. தேசவிசுவாசம் பற்றிய பேச்சு சூடுபிடித்தால் எவ்வளவு சீக்கிரம் கண்மண் தெரியாமல் போகிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்த ஐவரோடு, ஸ்காட்லாந்துத் தந்தையின் மகளான செனட்டர் ஃபியோனா நாஷ், சைப்ரஸிலிருந்து வந்த தந்தையின் மகனான செனட்டர் நிக் செனபன் இருவரையும் சேர்த்து ஏழு பேரின் வழக்கும் ஒன்றாக விசாரிக்கப்பட்டது.

நீதிமன்றத்தில் மோதிய இரண்டு பார்வைகள்

அரசுத் தரப்பின் வாதம் மனித இயல்பைப் பிடித்து நின்றது. இந்த விதியின் நோக்கம் விசுவாசம் பிளவுபடுவதைத் தடுப்பது. தன்னிடம் ஒரு குடியுரிமை இருப்பதே தெரியாதவரின் விசுவாசம் எப்படிப் பிளவுபடும்? இதற்கு ஆதரவாக 1992ஆம் ஆண்டின் சைக்ஸ் எதிர் கிளியரி வழக்கில் நீதிபதி டீன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைக் காட்டினார்கள்.

2017 அக்டோபர் 27 அன்று தலைமை நீதிபதி சூசன் கீஃபெல் உள்ளிட்ட ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வாதத்தை நிராகரித்தார்கள். விதியின் வாசகத்தில் அறிவு, நோக்கம் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. அதை நுழைத்தால் கேள்விகள் முளைத்துக்கொண்டே போகும்: எவ்வளவு தெரிந்திருந்தால் தெரிந்ததாகக் கணக்கு? சந்தேகம் இருந்தும் விசாரிக்காமல் விட்டவரை என்ன செய்வது? ஒருவர் மனதில் இருந்ததை யார், எப்படி நிரூபிப்பது? நாடாளுமன்றத்தில் யார் அமரலாம் என்பது ஒருவரின் ஞாபகத்தைப் பொறுத்து இருக்கக்கூடாது. வேட்புமனு போடும் முன் விசாரித்துத் தெரிந்துகொள்வது வேட்பாளரின் பொறுப்பு. ஐந்து பேர் தகுதி இழந்தார்கள்.

தப்பியவர்கள் இருவர். கேனவன் இத்தாலியச் சட்டப்படி உண்மையில் குடிமகன்தான் என்பதில் நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்படவில்லை. இத்தாலிய வம்சாவளிக் குடியுரிமை தலைமுறை தலைமுறையாக முடிவே இல்லாமல் நீளக்கூடியது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. செனபன் தன் கிரேக்க, சைப்ரஸ் தொடர்புகளை முன்பே முறித்துக்கொண்டவர். சைப்ரஸ் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்ததால் பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன் என்ற தகுதி மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு பிரிட்டனுக்குள் நுழையவோ தங்கவோ உரிமை கிடையாது. அதனால் அது குடியுரிமையாகக் கருதப்படவில்லை.

தீர்ப்பைச் சட்டப் பார்வையில் குறை சொல்வது எளிதல்ல. தெளிவான கோடு வேண்டும் என்ற காரணம் வலுவானது. தெரியாது என்று சொல்பவரையெல்லாம் நம்பினால் விதிக்கு மதிப்பிருக்காது. ஆனால் அந்தக் கோட்டை வரைவது யார் என்று பாருங்கள். ஒருவர் இன்னொரு நாட்டின் குடிமகனா என்பதை அந்த இன்னொரு நாட்டின் சட்டம்தான் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்குள் யார் வரலாம் என்பதை ரோமும் வெலிங்டனும் லண்டனும் தங்கள் சட்டங்களால் தீர்மானிக்கின்றன. அந்நியத் தலையீட்டைத் தடுக்க எழுதிய விதி, அந்நியச் சட்டத்தின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டது.

கேட்டி கேலகரின் ஆறு வாரம்

அடுத்த ஆண்டு வந்த கேட்டி கேலகர் வழக்கு இதைவிடக் கூர்மையானது, ஏனென்றால் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. லேபர் கட்சி செனட்டர், பிரிட்டிஷ் வம்சாவளி. 2016 ஏப்ரலில், தேர்தலுக்கு முன்பே, பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்கும் படிவத்தை அனுப்பினார். மே மாதம் கட்டணம் எடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் உள்துறை கூடுதல் ஆவணங்கள் கேட்டது, அனுப்பினார். தேர்தல் ஜூலை 2. துறப்பு பதிவானது ஆகஸ்ட் 16. இடையில் ஆறு வாரம்.

தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாயிற்று, மீதி பிரிட்டிஷ் அலுவலகத்தின் கையில் இருந்தது என்றார். 2018 மே 9 தீர்ப்பு அதை ஏற்கவில்லை. நியாயமான நடவடிக்கை எடுத்திருந்தால் போதும் என்ற விலக்கு, வெளிநாட்டுச் சட்டம் துறப்பை அடியோடு தடுக்கும்போது மட்டுமே பொருந்தும். பிரிட்டனில் துறக்க வழி இருக்கிறது, தாமதம் மட்டும்தான் என்றது. அதே நிலையில் இருந்த கீழவை உறுப்பினர்கள் நால்வரும் அதே நாளில் விலக வேண்டிவந்தது.

தபால் போய்ச் சேர்ந்து, ஓர் அதிகாரி முத்திரை குத்தும் வரை அந்தப் பெண்ணின் விசுவாசம் சந்தேகத்துக்குரியதாக இருந்ததா? எழுதிக் கொடுத்துத் துறந்தவரின் மனது எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வாக்காளர்கள் சொன்னது

ஜாய்ஸ் நியூசிலாந்துக் குடியுரிமையைக் கைவிட்டு, 2017 டிசம்பர் 2 இடைத்தேர்தலில் நின்றார். ஏறக்குறைய 65 விழுக்காடு முதன்மை வாக்குகளோடு திரும்பி வந்தார். கேலகர் தீர்ப்புக்குப் பின் விலகிய நால்வரும் 2018 ஜூலை 28 இடைத்தேர்தலில் தங்கள் இடங்களை மீட்டார்கள். மக்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் வாக்களித்தார்கள். இரட்டைக் குடியுரிமையைத் துரோகத்தின் அடையாளமாக அவர்கள் நினைத்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயம்

இதற்காக, விசுவாசக் கேள்வியே வெற்றுக் கூச்சல் என்று தள்ளிவிட மாட்டேன். குடியுரிமை என்பது வெறும் பயண ஆவணம் கிடையாது. சில நாடுகள் வெளிநாட்டில் வாழும் தங்கள் குடிமகனையும் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கின்றன. இரு நாடுகளின் குடிமகன் ஒருவரை ஒரு நாடு சிறையில் போட்டால், மற்ற நாட்டின் தூதரகம் தலையிடுவது கடினம். 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையிலேயே அந்த வரம்பு இருக்கிறது. இன்னொரு நாட்டோடு ஒப்பந்தம் பேசும் அமைச்சர் அதே நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றால் அது நிஜமான முரண். அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவால் ஊரில் யாருக்காவது வேலை போனால், அமைச்சர் யாருக்காகப் பேசினார் என்று அவர் கேட்கத்தான் செய்வார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. தெரிந்தே இரண்டாவது குடியுரிமையை வைத்திருக்கும் ஒருவர் அமைச்சராகும்போது ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று கேட்பதில் நான் தவறு காணவில்லை.

தவறு எங்கே வருகிறது என்றால், அந்தக் கேள்வியை ஒருவரின் செயலிடம் கேட்காமல் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழிடம் கேட்கும்போது. ஜோஷ் ஃப்ரைடன்பெர்க் விஷயத்தில் அது எந்த எல்லைக்குப் போனது என்று பார்க்கலாம். அப்போது அவர் நிதியமைச்சர். தாயார் ஹங்கேரியில் பிறந்த யூதப் பெண். நாஜிக் கொடுமையில் உயிர் தப்பி, நாடற்றவர்களாக 1950இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த குடும்பம். அந்தத் தாய்வழியாக மகனும் ஹங்கேரியக் குடிமகன், எனவே பதவியில் இருக்க முடியாது என்று அவர் மீது வழக்குப் போடப்பட்டது. 2020 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கொல்லத் துரத்திய நாட்டுக்கு அந்தக் குடும்பம் விசுவாசமாக இருக்கக்கூடும் என்பதுதானே அந்த வழக்கின் உட்பொருள்? இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

சல்லடையில் சிக்காதது

அதே 2017இல் இன்னொன்றும் நடந்தது. லேபர் செனட்டர் சாம் டாஸ்தியாரி ஈரானில் பிறந்தவர். ஈரானியக் குடியுரிமையைத் துறப்பது எளிதல்ல. அந்த நாட்டு அரசின் சம்மதம் வேண்டும். துறப்பதற்கான முயற்சியாக வழக்கறிஞர்களுக்குப் பெருந்தொகை செலவழித்ததாகச் சொன்னார். 44ஆம் பிரிவு அவரைத் தொடவில்லை. அவரை வீழ்த்தியது வேறு. சீனத் தொடர்புள்ள செல்வந்த நன்கொடையாளர் ஒருவரோடு இருந்த நெருக்கம், தென்சீனக் கடல் பிரச்சினையில் கட்சிக் கொள்கைக்கு மாறாகப் பேசியது ஆகியவை வெளிவந்து, 2017 டிசம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்நியச் செல்வாக்கு பற்றிய நிஜமான கவலை அங்கேதான் இருந்தது. அவருக்கும் சீனாவுக்கும் குடியுரிமைத் தொடர்பே கிடையாது.

அந்த மாதமே அரசு அந்நியத் தலையீட்டுக்கு எதிரான சட்ட முன்வரைவுகளைக் கொண்டுவந்தது; 2018 ஜூனில் அவை நிறைவேறின. வெளிநாட்டு அரசுக்காகவோ அதன் சார்பிலோ அரசியலில் செல்வாக்குச் செலுத்துபவர் தன்னைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் என்ன செய்கிறார், யாருக்காகச் செய்கிறார், யார் பணம் கொடுக்கிறார் என்று அந்தச் சட்டம் கேட்கிறது. எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை. விசுவாசத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டியவை இந்தக் கேள்விகள்தான் என்பது என் உறுதியான கருத்து.

இலங்கையைக் கவனித்து வருபவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். 2015இல் 19ஆம் திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்காரர்கள் நாடாளுமன்றம் வருவதைத் தடுத்தது, 2020இல் 20ஆம் திருத்தம் தடையை நீக்கியது, 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் போட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் கதவு திறந்து மூடினால், அந்தத் தடை விசுவாசத்துக்காகத்தான் இருக்கிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையையே ஏற்பதில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

இன்று நிற்கும் இடம்

ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2018 மே மாதம் அறிக்கை கொடுத்தது. 44ஆம் பிரிவை நீக்க வேண்டும், அல்லது நாடாளுமன்றம் வேறுவிதமாகச் சட்டம் இயற்றும் வரை என்ற வாசகத்தை அதில் சேர்க்க வேண்டும், அதற்குப் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசியலமைப்பைத் திருத்த நாடு முழுவதும் பெரும்பான்மையும், ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மையும் வேண்டும். அது அரிதாகவே கிடைக்கும். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அதற்குப் பதிலாக, வேட்புமனுவோடு பெற்றோர், பாட்டன் பாட்டிமார் பிறந்த இடம் முதலான விவரங்களை எழுதித் தரும் படிவம் கட்டாயமானது.

அந்தப் படிவத்தால் தீர்க்க முடியாத சிக்கல் 2024இல் மீண்டும் தலைதூக்கியது. செனட்டர் ஃபாத்திமா பேமன் காபூலில் பிறந்து, சிறுமியாக ஆஸ்திரேலியா வந்தவர். 2022 தேர்தலுக்கு முன்பே ஆப்கானியக் குடியுரிமையைத் துறக்க கான்பெராவிலுள்ள ஆப்கான் தூதரகத்தை அணுகியிருந்தார். அதற்குள் தாலிபான் காபூலைப் பிடித்துவிட்டது; தூதரகத்துக்கும் அங்குள்ள ஆட்சிக்கும் தொடர்பு அறுந்தது. 2024 ஜூலையில் அவர் லேபர் கட்சியிலிருந்து விலகினார். நவம்பரில் ஒன் நேஷன் தலைவர் பாலின் ஹேன்சன் செனட்டில் அவருடைய தகுதியைக் கேள்விக்குள்ளாக்க முயன்றார். ஆஸ்திரேலியா அங்கீகரிக்காத ஓர் ஆட்சி, பெண் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளிய ஆட்சி, இந்தப் பெண் எங்களுடையவர் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்ற நிலை.

கூட்டுக்குழுவின் இரண்டாவது யோசனையையே நான் ஆதரிப்பேன். நாடாளுமன்றம் சட்டம் இயற்றட்டும். வேட்பாளர் தனக்குத் தெரிந்த எல்லாக் குடியுரிமையையும் தேர்தலுக்கு முன் வாக்காளர்கள் முன்னால் வைக்கட்டும். வென்றால், பதவி ஏற்பதற்குள் துறப்பு விண்ணப்பத்தைக் கொடுக்கட்டும். கொடுத்த நாளே கணக்கில் எடுக்கப்படட்டும். யாருக்கும் தெரியாமல் கிடந்த வம்சாவளிக் குடியுரிமை பின்னால் வெளிவந்தால், பதவியைப் பறிக்காமல் துறப்பதற்கு அவகாசம் தரட்டும். வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டு அரசோடு உள்ள உறவு ஆகியவற்றை மறைத்தவருக்கு மட்டும் எந்த அவகாசமும் வேண்டாம், அவர் ஒரே ஒரு குடியுரிமை மட்டும் உள்ளவராக இருந்தாலும் சரி.